முக்கோணங்களால் மண்ணளந்தவர்

நுழையும்முன்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய் ஒன்றின் கரையைப் பழைய நிலப்படத்திலிருந்து கணினியில் வரைந்து, செயற்கைக்கோள் படத்தின்மீது அடுக்கினால், அக்கரை நூறு மீட்டருக்கும் மேல் விலகி அயலார் வயலில் நிற்பதுண்டு. இரு படங்களும் சரியானவையே. அவை சார்ந்திருக்கும் அடிப்படைகள்தாம் வேறு. அவற்றுள் பழைய அடிப்படைக்கு வித்திட்டவர் வில்லியம் லாம்டன்.

திசையறிந்த வீரர்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். கணிதத்தில் தேர்ந்த அவர், படையில் சேர்ந்து வட அமெரிக்காவில் நில அளவைப் பணியும் ஆற்றினார். 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது, இரவில் படை எதிரியின் பக்கம் வழிதவறிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டு உணர்ந்து எச்சரித்தார்.

அளவையும் இடரும்

1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம். அவ்வாறு ஒரு முக்கோணத்தின் பக்கமே அடுத்ததற்கு அடிக்கோடாகி, முக்கோண வலை தென்னகமெங்கும் படர்ந்தது.

அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் என்னும் கோணமானி, கடல்வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரீசியஸ் சென்று மீண்டது. 1808இல் அதற்குப் பேரிடர் நேர்ந்தது. குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் தஞ்சைப் பெரியகோவில் விமானத்தின்மேல் அதனை ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் வட்டம் நெளிந்தது. லாம்டன் மனந்தளரவில்லை. கூடாரத்துக்குள் தங்கி, வாரக்கணக்கில் உழைத்து, வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். அளவைப்பணி தெற்கே குமரிமுனையை எட்டியது.

விட்டுச்சென்ற அடிப்படை

முதுமையிலும் பணியைக் கைவிடாத லாம்டன், 1823 ஜனவரி 20 அன்று நாகபுரி நோக்கிச் செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் காலமானார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், 1830இல் புவியின் வடிவத்தைக் கணக்கிட்டார். துருவங்களில் சற்றே தட்டையான அக்கோளமே இந்திய நிலப்படங்களின் அடிப்படையாயிற்று. அது இந்திய நிலத்துக்குப் பொருந்த அமைந்தது. இன்றைய செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அமைப்போ புவியின் மையத்தைத் தொடக்கமாகக் கொண்டது. எனவே ஒரே கண்மாய்க்கு இரு அமைப்புகளிலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வேறுபடுகின்றன.

புவித்தகவல் மென்பொருளில் ஒவ்வோர் அடுக்குக்கும் அது பிறந்த அமைப்பின் பெயரையே முதலில் குறிக்க வேண்டும். அதன்பின்னரே மற்றோர் அமைப்புக்கு மாற்ற வேண்டும். எண்களை மாற்றாது பெயரை மட்டும் மாற்றினால், கண்மாய் இடம்பெயர்ந்து, வீண் எல்லைத் தகராறுக்கு வழி பிறக்கும்.

உலகின் உயர்ந்த சிகரம் எவரெஸ்டின் பெயரைத் தாங்குகிறது. லாம்டன் பெயரைப் பலர் அறியார். ஆயினும், எங்கிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்க என்னும் அவர் வாழ்வின் பாடம், நிலப்படம் வரையும் ஒவ்வொருவருக்கும் உரியது.