விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த தண்டனை: வ.உ.சி.யின் இருபத்து நான்கு ஆண்டுகள்

வ.உ. சிதம்பரனாரின் வாழ்க்கையைப் பேசும் மேடைகள் பெரும்பாலும் இரண்டு காட்சிகளோடு நின்றுவிடுகின்றன. ஒன்று, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய சுதேசிக் கப்பல். மற்றொன்று, கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு. பாடநூல்களும் திரைப்படமும் இவ்விரண்டையும் நம் மனத்தில் ஆழப் பதித்துள்ளன. ஆனால் சிறைக் கதவு திறந்தபின் அவர் மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவரைத் துன்புறுத்தியது அந்நிய அரசு மட்டுமன்று. சிறை சென்று மீண்ட ஒருவரை எவ்வாறு ஏற்பது என்று அறியாத நம் சமூகமும் அதில் பங்கு கொண்டது. தண்டனைக் காலம் முடிந்து வெளியே வருவோரின் மறுவாழ்வைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பிற்பகுதி வாழ்க்கையையே என்று நாம் கருதுகிறோம்.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரனார். தந்தை உலகநாதர் வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். வேளாளக் குடும்பம், நிலபுலன், ஆங்கிலக் கல்வி, நீதிமன்றத் தொடர்பு ஆகிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் நாம் எழுப்பப்போகும் கேள்விக்கு இதுவே அடிப்படை. அந்த வீட்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த, கண்பார்வையற்ற துறவி இராமையா தேசிகருக்கு அவ்வீட்டில் இடமளிக்கப்பட்டது. சிதம்பரனாரின் முதல் மனைவி வள்ளியம்மை அவருக்கு உணவளித்துப் பணிவிடை செய்தார். உறவினரும் ஊராரும் முணுமுணுத்தும் வீட்டுக்கதவு அவருக்கு மூடப்படவில்லை. இந்த ஒரு செயலால் சிதம்பரனாரைச் சாதி ஒழிப்புப் போராளி என்று நாம் முடிசூட்டவில்லை. ஆனால் ஊர் விலக்கும் ஒருவருக்குக் கதவு திறந்திருப்பதன் பொருள் என்ன என்பதை, பின்னாளில் அவரே வேறொரு வகையில் அறிய நேர்ந்தது.

1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. வணிகப் போட்டியை எப்படியோ பொறுத்துக்கொண்ட அரசு, தொழிலாளர் ஒற்றுமையைப் பொறுக்கவில்லை. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, அதாவது நாற்பது ஆண்டுகளை, விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. அண்ணனின் கைதைத் தாங்க இயலாமல் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநலம் குன்றினார். தண்டனை ஒருவருக்கு விதிக்கப்பட்டாலும் அனுபவிப்பது ஒரு குடும்பம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912 திசம்பர் 24 அன்று அவர் வெளியே வந்தார். கைதுக்கும் விடுதலைக்கும் இடையே நான்கு ஆண்டும் ஒன்பது மாதமும் கடந்திருந்தன. திருநெல்வேலித் தெருக்களைக் கொந்தளிக்கச் செய்த மனிதரை வரவேற்கச் சிறைவாயிலில் பெருங்கூட்டம் எதுவும் இல்லை. குடும்பத்தாரும், சில வாரங்களுக்கு முன்பே விடுதலையாகியிருந்த சிவாவும், மிகச் சிலரும் காத்திருந்தனர். கப்பல் நிறுவனம் அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. அவர் பாடுபட்டு வாங்கிய கப்பல்களுள் ஒன்று, எந்த ஆங்கிலேய நிறுவனத்தை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்த நிறுவனத்தின் கைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

விடுதலை பெற்றவர் தம் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக்குள் வாழ அரசு இடம் தரவில்லை. தண்டனை பெற்றதால் வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிருந்தது. கற்ற தொழிலைச் செய்ய உரிமையில்லை. பிறந்த மண்ணில் இருக்க உரிமையில்லை. மனைவி மீனாட்சி அம்மையாரோடும் குழந்தைகளோடும் சென்னை சென்றார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. ஒரு காலத்தில் கப்பலுக்குப் பங்கு சேர்த்த அதே கையால் நண்பர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்.

இக்காலத்தின் ஒரு நிகழ்வு தனித்துச் சொல்லத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டியிருந்தனர். அப்பணம் காந்தியடிகளின் பொறுப்பில் இருந்தது. காந்தியடிகள் 1915இல் இந்தியா திரும்பியபின் அதுபற்றி இருவருக்குமிடையே பல கடிதங்கள் சென்று வந்தன. 1916இன் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனாரின் கைக்கு வந்தது. தாமதத்துக்கு யாரையும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. தமக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தையே மீண்டும் மீண்டும் நினைவூட்டிப் பெற வேண்டிய நிலையில் ஒரு மனிதரின் தன்மானம் படும் பாட்டையே நாம் எண்ணிப் பார்க்கிறோம். உதவி உரிமையாக அமையாமல் பிறர் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்கும்போது, பெறுபவர் ஒவ்வொரு முறையும் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நேர்கிறது.

இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். திருக்குறளுக்கு மணக்குடவர் வரைந்த உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிப்பதில் ஈடுபட்டார். தம் வாழ்க்கையைச் செய்யுளில் வடித்தார். தொழிற்சங்கப் பணிகளில் பங்கேற்றார். கோவைக்குச் சென்று வங்கி ஒன்றிலும் வேலை பார்த்தார். ஆனால் குடும்பத்தை நிலைநிறுத்தும் வருவாய் இவற்றில் எதிலிருந்தும் வரவில்லை.

விடையாக வந்தது சன்னதுதான். மீண்டும் வழக்கறிஞராகும் அனுமதியை அவர் கோரினார், ஈ.எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் துணையால் அது கிடைத்தது. 1908இல் சிதம்பரனார் மீதான வழக்கின் தொடக்க விசாரணையை நடத்தியவரும் இதே வாலஸ்தான். நன்றியின் அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர் ஆங்கிலேயர் பெயரைப் பிள்ளைக்கு வைத்ததைச் சிலர் வியப்பாகப் பேசுவர். நமக்கு அதில் வியப்பில்லை. பசித்த வீட்டுக்கு அரிசி கொடுத்தவரை நினைவுகூர்வதைவிட, தானே உழைத்து அரிசி வாங்கும் உரிமையைத் திருப்பித் தந்தவரை நினைவுகூர்வது இயல்பே. பின்னர் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் அவர் வழக்காடினார். இருப்பினும் இழந்த பத்தாண்டு திரும்பவில்லை. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானபோது அவர் விட்டுச்சென்ற உயிலில் கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளும் குறிக்கப்பட்டிருந்தன.

உடன் சிறை சென்ற சிவாவின் முடிவு இன்னும் கொடியது. சிறையில் தொழுநோய் பற்றியது. நோயைக் காரணம் காட்டி அவர் இரயிலில் பயணம் செய்வதை அரசு தடுத்தது. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசிய அவர், 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் உயிர்நீத்தார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். சிதம்பரனாருக்குச் சாதியின் பாதுகாப்பு இருந்தது. சட்டக் கல்வி இருந்தது. கடல் கடந்தும் கடிதம் எழுத நண்பர்கள் இருந்தனர். அவர் செய்த குற்றத்தை மக்கள் தியாகம் என்றே போற்றினர். இத்தனையும் இருந்தும், பறிக்கப்பட்ட ஓர் உரிமையைத் திரும்பப் பெற அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. இவற்றுள் ஒன்றும் இல்லாமல் வெளியே வரும் தலித் ஒருவரின் நிலை என்ன?

பாளையங்கோட்டையில் வ.உ.சி. பெயரால் விளையாட்டரங்கம் இருக்கிறது. அதே ஊரில்தான் மத்தியச் சிறையும் இருக்கிறது. அச்சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கப்படுகிறார்கள் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மோதலைத் தவிர்க்கவே பிரிக்கிறோம் என்ற அரசின் வாதம் அங்கே ஏற்கப்பட்டது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த அணுகுமுறையை ஏற்க மறுத்தது. சாதியின்படி வேலை பகிர்வதும் சாதியின்படி அடைப்பதும் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கவும் ஆணையிட்டது. சமையல் மேல்சாதிக்கு, துப்புரவு தாழ்த்தப்பட்டோருக்கு என்று ஆங்கிலேயர் காலக் கையேடுகள் வகுத்த முறை, விடுதலைக்குப் பின் எழுபத்தேழு ஆண்டுகள் நீடித்தது என்பதை நாம் மறக்கலாகாது. உள்ளே துடைப்பம் மட்டுமே கொடுக்கப்பட்டவர், வெளியே வந்து எந்தத் தொழிலைச் செய்வார்?

2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறையில் இருப்போரிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவர்கள். அண்மை ஆண்டுகளில் சிறைவாசிகளில் நான்கில் மூவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். வன்கொடுமைப் புகார் கொடுத்தால் எதிர்வழக்கு வருவதும், கூலி கேட்டால் சிறை வருவதும் தாமிரபரணிக் கரைக்குப் புதியவையல்ல. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுள் ஒன்று, சிறையிலிருந்த தம் தோழர்களை விடுவிக்க வேண்டும் என்பதே. அந்நாளில் பதினேழு பேர் ஆற்றில் மாண்டனர். சிவா மறைந்ததும் அதே தேதியில்தான்.

இவ்வாறு சிறை சென்று வருபவர் முன் மூன்று சுவர்கள் நிற்கின்றன. அவை சிதம்பரனார் முன்னும் நின்றவையே. முதலாவது ஊர். சாதி மோதல் வழக்கில் சிக்கியவர் ஊருக்குத் திரும்புவது உயிருக்கே ஆபத்து. வேறிடத்தில் வாடகை வீடு கேட்டால் முதலில் சாதியும் பின்னர் வழக்கும் விசாரிக்கப்படும். இரண்டாவது தொழில். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவரைத் தகுதியிழப்பிலிருந்து காக்கிறது. ஆனால் தண்டனையை முழுமையாக அனுபவித்தவருக்கு அக்காப்பு இல்லை. தண்டனையை முடித்தவரே அதன் கறையை வாழ்நாள் முழுதும் சுமக்கிறார். மூன்றாவது காவல் நிலையம். சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், பக்கத்துத் தெருவில் எது நடந்தாலும் அவர் வீட்டுக் கதவே முதலில் தட்டப்படும். கைரேகைச் சட்டம் ஒழிந்தது. கைரேகை எடுத்த மனப்பான்மை ஒழியவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்கள் கைதிகளுக்கு வேலை தருகின்றன. பாளையங்கோட்டையிலும் ஒன்று உண்டு. நன்னடத்தை அலுவலர்களும், விடுதலையானோருக்கு உதவும் சங்கமும் இருக்கின்றனர். ஆயினும் இவை பெரிதும் கருணையாக வழங்கப்படுகின்றன. கேட்டுப் பெறும் உரிமையாக இல்லை. அறிந்தவர் பெறுகிறார், அறியாதவர் சிறைவாயிலிலிருந்து நேரே பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார்.

ஆகவே நாம் கோருவன எளியவை. விடுதலைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அடையாள ஆவணங்கள், தங்குமிடம், வேலை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யப்பட வேண்டும். சாதிப் பிரிவினை நீங்கிய சிறையில் எல்லோருக்கும் எல்லாத் தொழிலும் கற்பிக்கப்பட வேண்டும். தண்டனை முடித்து உரிய காலம் ஒழுங்காக வாழ்ந்தவரின் தகுதியிழப்பு நீக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு வாலஸின் நல்லெண்ணத்துக்காகக் காத்திருக்கும் நிலை கூடாது. சட்டம் பயிலும் மாணவர்கள் தம் கல்லூரிக்கு அருகிலுள்ள சிறையின் சட்ட உதவி மையத்தோடு தொடர்பு கொள்ளலாம். இயக்கத் தோழர்கள், தம் பகுதியில் சிறைமீண்டவர் வீட்டுக்கு முதல் வாரமே சென்று வரலாம். வழக்கு நடக்கும்போது நீதிமன்ற வாசலில் திரளும் நாம், வழக்கு முடிந்தபின் அந்த வீட்டு வாசலுக்குப் போவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் சிதம்பரனாரின் சிலைகளுக்கு மாலைகள் விழுகின்றன. கண்ணனூர்ச் சிறைவாயிலில் அன்று அவருக்காகக் காத்திருந்தோர் மிகச் சிலர். இன்று பாளையங்கோட்டைச் சிறைவாயிலில், சிலையோ புகழோ இல்லாத ஒருவர் கையில் ஒரு பையோடு வெளியே வரும்போது, அவருக்காகக் காத்திருப்பவர் யார்? அங்கே போய் நிற்பதே சிதம்பரனாருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன்.