முயலின் கண்ணுக்காக வாதாடிய ஆசிரியர்

நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருப்பதும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கங்கள். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிரும் நம்மால் துன்புறலாகாது என்பதே அவற்றின் உட்கருத்து. ஆயினும், நம் வீட்டுச் சலவைத்தூளும் தரை துடைக்கும் திரவமும் கடைக்கு வருமுன் எவ்வுயிரை வருத்தின என்று நான் நெடுங்காலம் எண்ணியதில்லை. அவ்வெண்ணத்தை எனக்கு ஊட்டியது ஹென்றி ஸ்பைரா என்பாரின் வரலாறு. அவரும் ஒரு பள்ளி ஆசிரியரே.

ஸ்பைரா 1927-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறிது காலம் பனாமாவில் வாழ்ந்து, 1940-இல் நியூயார்க் சேர்ந்தார். வணிகக் கப்பலில் மாலுமியாகவும், மோட்டார்த் தொழிற்சாலையில் தொழிலாளியாகவும் உழைத்தார். பின்னர் பட்டம் பெற்று, 1966 முதல் நியூயார்க் உயர்நிலைப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பித்தார். தொழிலாளர் உரிமைக்கும் கறுப்பின மக்களின் சம உரிமைக்கும் பாடுபட்ட அவருடைய உள்ளத்தை, நண்பர் ஒருவர் விட்டுச் சென்ற பூனை ஒன்று விலங்குகளின்பால் திருப்பியது. பீட்டர் சிங்கர் என்னும் தத்துவப் பேராசிரியரின் வகுப்பு அவ்வுணர்வுக்குத் தெளிவு தந்தது.

நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளின் மூளையையும் நரம்புகளையும் சிதைத்து ஆய்வுகள் நடந்து வந்தன. 1976-இல் ஸ்பைரா அதனை எதிர்த்து அறப்போர் தொடங்கினார். மறு ஆண்டே அவ்வாய்வுகள் நின்றன.

அடுத்து அவர் முயலின் கண்ணை நோக்கினார். 1944-இல் வகுக்கப்பெற்ற டிரெய்ஸ் சோதனையில், அழகுப் பொருள்களையும் துப்புரவுப் பொருள்களையும் அசையவியலாது பிணிக்கப்பட்ட முயல்களின் கண்களில் இட்டு, புண்ணாகிறதா என்று பல நாள் பார்ப்பர். எல்.டி. 50 எனும் மற்றொரு சோதனையோ, விலங்குகளில் பாதி மடியும்வரை நஞ்சின் அளவைக் கணக்கிடுவது. அச்சோதனை தோன்றியதும் ஸ்பைரா பிறந்த அதே 1927-ஆம் ஆண்டிலேயே என்பது கருதத்தக்கது.

ரெவ்லான் நிறுவனத்தாரிடம் அவர் முதலில் அமைதியாகவே பேசினார். பயன் விளையாமையால், நானூறுக்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒன்றுதிரட்டி, 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிடச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, மாற்று முறைகளை ஆராய ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் வழங்க ரெவ்லான் இசைந்தது. பிற நிறுவனங்களும் பொருளுதவ, 1981-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்று முறை ஆய்வு மையம் எழுந்தது. 1989-இல் ரெவ்லான் விலங்குச் சோதனையை அறவே கைவிட்டது. சோப்பும் சலவைத்தூளும் செய்யும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தாரோடும் அவர் தொடர்ந்து பேசி, சோதனைகளைக் குறைக்கும் வழியில் அவர்களை ஈர்த்தார்.

எதிர்த்தரப்பினரைப் பகைவராகக் கருதாது, அவர்கள் நடக்கக்கூடிய வழியொன்றையும் காட்டுவதே அவர் முறை. இது சமரசம் என்று இயக்கத்தினரிலேயே சிலர் பழித்தனர். ஒரேநாளில் எல்லாம் வேண்டுமெனக் காத்திருப்பதினும், இன்று சில உயிர்களின் துன்பத்தையேனும் குறைப்பது மேல் என்று அவர் கருதினார். பிறர் நோக்கையும் பார்க்கச் சொல்லும் அநேகாந்த நெறியில் வளர்ந்த நமக்கு இப்பண்பு அயலானதன்று.

1998 செப்டம்பரில் ஸ்பைரா மறைந்தார். அவர் இட்ட வித்து பின்னரும் பலன் தந்தது. எல்.டி. 50 சோதனையின் பழைய வடிவம் 2002-இல் பன்னாட்டு வழிகாட்டுதல்களிலிருந்து நீக்கப்பட்டது. விலங்குகளிடம் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முற்றிலும் தடுத்தது. நம் பாரத நாடு 2014-இல் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையையும், அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது.

எனினும் அத்தடை உடலில் பூசும் பொருள்களையே குறிக்கும். தரை துடைக்கும் திரவமும் சலவைத்தூளும் அதில் அடங்கா. எஞ்சியுள்ள அப்பணி நம் கையில் உள்ளது. வாங்கும் பொருளைத் தயாரிப்போருக்கு, அதனை எவ்வுயிரிடமேனும் சோதித்தீர்களா என்று வினவி ஒரு கடிதம் எழுதலாம். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்தல் இன்னும் நன்று. நீரை வடிகட்டும் கைகளுக்கு இவ்வொரு வினா பெரும் சுமையன்று.