ஜோஹான் காட்பிரீட் ஹெர்டர்

ஒரு நாட்டின் உயிர் அரசர்தம் அரண்மனையில் உள்ளதோ, உழவர்தம் நாவில் உள்ளதோ என வினவின், நாவிலேயே உள்ளதெனத் துணிந்த ஜெர்மானியப் பேரறிஞர் ஹெர்டர் ஆவார். இவர் 1744-ஆம் ஆண்டு கிழக்குப் பிரஷ்யாவிலுள்ள மோருங்கன் என்னுஞ் சிற்றூரில், எளிய பள்ளியாசிரியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். கோனிக்ஸ்பெர்க்குப் பல்கலைக் கழகத்தில் கான்ட் என்னும் தத்துவ ஞானியாரின் விரிவுரைகளைக் கேட்டார். ஹாமன் என்னும் அறிஞரை நண்பராகப் பெற்றார்.

1764-இல் ரீகா நகரஞ் சென்று, ஆசிரியராயும் போதகராயும் பணியாற்றினார். ரஷ்யப் பேரரசிற்கு உட்பட்ட அந்நாட்டில் நிலக்கிழார் ஜெர்மானியர். நிலத்தோடு பிணிக்கப்பட்ட அடிமைகளோ லட்விய உழவர். ஆள்வோர் இழிவாகக் கருதிய அவ்வுழவரின் பாட்டும் ஆட்டமும் இவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஏட்டுப் புலவர் எண்ணி அமைக்கும் சந்தத்தினும், உழைப்போர் வாயில் தானே எழுஞ் சந்தமே உயிருடையது என்றும், பாட்டைப் பெயர்ப்போர் அதன் இசையோட்டத்தையே முதற்கண் காத்தல் வேண்டும் என்றும் பின்னாளில் எழுதினார்.

மொழியைக் கடவுளே நேரிற் கற்பித்தார் என அக்காலத்து அறிஞர் சிலர் வாதித்தனர். ஹெர்டரோ, தாம் போதகராயிருந்தும், மாந்தர்க்கே உரிய சிந்தனையாற்றலினின்று மொழி பிறந்ததென எழுதி, 1771-இல் பெர்லின் அறிவுக் கழகத்தின் பரிசினைப் பெற்றார். நண்பர் ஹாமனே இக்கொள்கையை மறுத்தெழுதினார்.

ஸ்திராஸ்பர்க்கில் இவரிடம் நாட்டுப் பாடலின் சுவையறிந்த இளங்கவிஞர் கெதே, 1776-இல் இவர் வைமார் நகரில் உயர்ந்த திருச்சபைப் பதவி பெறத் துணைபுரிந்தார். அங்கிருந்து 1778, 1779-ஆம் ஆண்டுகளில் பன்னாட்டுப் பாடல்களை இரு தொகுதிகளாக வெளியிட்டார். கொடுங்கோல் நிலக்கிழாரை நொந்து எஸ்தோனிய அடிமைகள் பாடிய புலம்பலும் அவற்றுள் இடம்பெற்றது.

பிரெஞ்சுப் புரட்சி எழுந்தபோது ஹெர்டர் அதனை ஆர்வத்தோடு நோக்கினார். எனினும் 1792-இல் அதுபற்றி வரைந்த கடிதங்களை வெளியிடாது அடக்கிக்கொண்டார். அவர் உண்டது கோமகனின் ஊதியம் அன்றோ! ஏழைகளின் குரலை அச்சேற்றியவர் தம் குரலை அடக்க நேர்ந்தமை இரங்கத்தக்கதே. 1803-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வைமாரிலேயே உயிர் நீத்தார்.

இவர் பெயரைக் கூறிப் பிறரினத்தை இகழ்ந்தோரும் பிற்காலத்துத் தோன்றினர். இவரோ பல இனத்தாரின் பாடல்களையும் திரட்டியவர். எஸ்தோனியர் 1869-இலும் லட்வியர் 1873-இலும் தங்கள் முதற் பெரும் பாடல் விழாக்களை நடத்தினர். அவ்விழிப்பிற்கு ஹெர்டரின் தொகுப்பும் ஒரு தூண்டுகோலாயிற்று. அவ்விரு நாட்டாரும் பல்லாயிரவராய்த் திரண்டு பாடிப் பாடியே உரிமை வேட்கையை வளர்த்து, 1991-இல் இழந்த விடுதலையை மீண்டும் எய்தினர். அடிமையின் பாட்டையும் ஏட்டில் ஏற்றிய ஒருவரின் உழைப்பு இரு நூற்றாண்டு கடந்தும் பயன் தந்தது. மொழி பயிலும் நாமும் எளியோர் பாட்டிற்குச் செவி சாய்ப்போமாக.