8 கோப்பை டீ, ஒரு குலுக்கல்: ருசிப் போட்டிகளுக்கு நியாயம் கற்றுக்கொடுத்த ரொனால்ட் ஃபிஷர் யார்?

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் டீ குடித்துக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு கேள்வி. உங்கள் கிளாஸில் முதலில் விழுந்தது பாலா, டிகாஷனா? கண்ணால் பார்க்காமல், குடித்து மட்டுமே சொல்லிவிட முடியுமா?

முடியும் என்று கிட்டத்தட்ட 100 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு பெண் விஞ்ஞானி சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருவர் நம்பவில்லை. நம்பாததோடு விடாமல், அதைச் சோதிக்க ஒரு முறையையும் யோசித்தார். இன்றைக்கு ஒயின் போட்டியில் மெடல் கொடுப்பது, தேயிலைக்கு விருது கொடுப்பது, புது மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் அந்த யோசனை இருக்கிறது. அவர் பெயர் ரொனால்ட் ஃபிஷர்.

கோவைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ருசி பார்ப்பது நம்ம ஊரில் பொழுதுபோக்கு இல்லை, பணம். கோவையில் 1980-ல் இருந்து தேயிலை ஏல மையம் இருக்கிறது. கொச்சி, குன்னூருக்கு அடுத்து தென்னிந்தியாவில் மூன்றாவது. ஏலத்துக்கு முன் டீ டேஸ்டர்கள் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஸ்பூனில் எடுத்து சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு மதிப்பு சொல்வார்கள். நீலகிரி சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கும் விலை, ஏல சராசரியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒருவருடைய நாக்கு சொல்லும் தீர்ப்பு, மலையில் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் மாத வருமானத்தைத் தொடுகிறது. அந்த நாக்கை எந்த அளவுக்கு நம்பலாம்? ஃபிஷர் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட இதுதான்.

கண் தெரியாத பையன், மனசில் போட்ட கணக்கு

1890 பிப்ரவரி 17, லண்டன். அப்பா ஜார்ஜ் ஃபிஷர் கலைப்பொருள் ஏல நிறுவனத்தில் பங்குதாரர். (ஆமாம், இங்கேயும் ஏலம்தான்.) வசதியான வீடு. ஆனால் ரொனால்டுக்கு 14 வயதில் அம்மா இறந்துபோனார். அடுத்த சில வருடங்களில் அப்பாவின் தொழிலும் மூழ்கியது. பையனுக்குப் பார்வை ரொம்ப மோசம். மின்விளக்கு வெளிச்சத்தில் படிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால், பேப்பர் பேனா இல்லாமலேயே கணக்கு கற்றுக்கொண்டார். எதையும் மனசுக்குள் படமாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்தது. விடையை எழுதிவிடுவார், நடுவில் இருக்கும் படிகளை எழுத மாட்டார். பின்னாளில் அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்கள் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்காலர்ஷிப்பில் கேம்பிரிட்ஜ், 1912-ல் பட்டம். முதல் உலகப் போருக்கு ராணுவத்தில் சேரப் போனார், கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வேலை, பிடிக்கவில்லை. 1919-ல் ஒரே நேரத்தில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, அன்றைய புள்ளியியல் சக்கரவர்த்தி கார்ல் பியர்சனின் ஆய்வகம். இன்னொன்று, ராத்தம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. ஃபிஷர் வயக்காட்டுக்குப் போனார்.

ராத்தம்ஸ்டெட்டில் 1843-ல் இருந்து உர சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. கட்டுக்கட்டாகப் பதிவேடுகள். அதில் மூழ்கியவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த வயலில் உரம் போட்டோம், அதிகம் விளைந்தது, சரி. ஆனால் விளைந்தது உரத்தாலா, அந்த மூலையில் மண்ணே நல்ல மண்ணா? நம்ம தோட்டங்களில்கூட வாய்க்கால் ஓரத்துப் பாத்தியும் மேட்டுப் பாத்தியும் ஒன்றா என்ன? உரம் எந்தப் பாத்திக்கு என்பதை மனுஷன் தேர்ந்தெடுத்தால், அவன் அறியாமலேயே நல்ல பாத்திக்குக் கொடுத்துவிடுவான். அப்படியென்றால் தேர்ந்தெடுக்கும் வேலையை மனுஷனிடம் இருந்து பிடுங்கிவிட வேண்டும். குலுக்கிப் போடு. சீட்டு எடு. ராண்டமைசேஷன் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அது இதுதான்.

அந்த டீ

1920-களின் தொடக்கம், அதே ராத்தம்ஸ்டெட், மாலை டீ நேரம். பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டலுக்கு ஃபிஷர் ஒரு கப் டீ நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். பால் முதலில் ஊற்றியிருந்தால்தான் பிடிக்கும், இதில் டீ முதலில் விழுந்திருக்கிறது என்பது காரணம். எதை முதலில் ஊற்றினால் என்ன, ருசி ஒன்றுதானே என்று ஃபிஷர் வாதம் பண்ண, பக்கத்தில் இருந்த வேதியியலாளர் வில்லியம் ரோச், சோதித்துப் பார்த்துவிடலாமே என்று கிளப்பிவிட்டார். (ரோச் பின்னாளில் மியூரியலைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்பது புரிகிறது.)

ஒரே ஒரு கப் கொடுத்துக் கேட்டால்? கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி வாய்ப்பு. 1935-ல் சோதனைகளை வடிவமைப்பது பற்றி எழுதிய புத்தகத்தில் ஃபிஷர் இதற்கு விடை சொன்னார். 8 கப். 4 கப்பில் பால் முதலில், 4 கப்பில் டீ முதலில். எந்த வரிசையில் நீட்டுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். குடிப்பவர் பால் முதலில் விழுந்த 4 கப்பைப் பிரித்துக் காட்ட வேண்டும். 8-ல் 4-ஐ 70 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதில் சரியானது ஒன்றே ஒன்று. ஆக, குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70-ல் 1 வாய்ப்பு, 1.4 சதவீதம். அப்படிச் சொல்லிவிட்டால் திறமை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். நாலில் மூன்று சரி, ஒன்று தப்பு என்றால்? ஒப்புக்கொள்ள முடியாது. அந்த அளவுக்காவது சரியாகச் சொல்ல 70-ல் 17 வாய்ப்பு, கிட்டத்தட்ட 24 சதவீதம். நாலில் ஒரு தடவை யாருக்கும் குருட்டு அதிர்ஷ்டம் அடிக்கும்.

கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 8 கப்பையும் எல்லா விதத்திலும் ஒரே மாதிரி ஆக்க முடியாது என்பதை ஃபிஷர் ஒத்துக்கொண்டார். ஒரு கப் கொஞ்சம் சூடு, ஒன்றில் சர்க்கரை ஒரு துளி அதிகம், ஒரு கப்பின் விளிம்பு தடிமன். பட்டியல் போட்டால் முடியவே முடியாது. எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறேன் என்று மல்லுக்கட்டாதே, குலுக்கிவிடு. அந்த வித்தியாசங்கள் யாருக்கும் சாதகமாக நிற்காது, எவ்வளவு தப்பு வரும் என்பதைக் கணக்கும் போட முடியும். டேஸ்டர் நேர்மையானவரா என்று விசாரிக்கவே தேவையில்லாத ஏற்பாடு இது.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. நெருங்கிய நண்பரான வில்லியம் கோசெட்கூட, குலுக்கலைவிடத் திட்டமிட்டுச் சமமாகப் பிரிப்பதே மேல் என்றார். கோசெட் யார் தெரியுமா? டப்ளினில் கின்னஸ் பீர் ஆலை ஊழியர். கம்பெனி கெடுபிடியால் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதியவர். காலேஜில் படித்த டி-டெஸ்ட் அவருடையதுதான். பீரும் டீயும் இல்லாமல் புள்ளியியல் இல்லை!

இன்றைய போட்டிகளில்

ஒயின் போட்டிக்குப் போனால், பாட்டில்கள் பையால் மூடப்பட்டிருக்கும், நம்பர் மட்டும் தெரியும். பேர், விலை, ஊர் எதுவும் தெரியாது. சர்வதேச ஒயின் அமைப்பான ஓ.ஐ.வி.யின் விதிப்படி, வந்த மாதிரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் மெடல் கொடுக்கக் கூடாது. உபாசியும் தேயிலை வாரியமும் சேர்ந்து தென்னிந்தியத் தேயிலைக்கு நடத்தும் கோல்டன் லீஃப் விருதுப் போட்டியும் இதே குடும்பம்தான். அதே சமயம், ஏல கேட்டலாகில் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். நல்ல பெயர் எடுத்த தொழிற்சாலைக்கு அது லாபம், புதிதாக நல்ல தேயிலை செய்பவருக்கு அது சுவர்.

பெயரை மறைத்தால் மட்டும் போதுமா? போதாது. நடுவரையும் சோதிக்க வேண்டும். கலிஃபோர்னியா அரசுப் பொருட்காட்சியின் ஒயின் போட்டியில் 2005-ல் இருந்து ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் அதைச் செய்தார். சுமார் 30 கோப்பைகள் வரும் ஒரு சுற்றில், ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றிய மூன்று கோப்பைகளை நடுவர்களுக்குச் சொல்லாமல் கலந்துவிட்டார். மூன்றுக்கும் ஒரே மெடல் தரத்துக்குள் மார்க் போட்டவர்கள் 10 சதவீதம் பேர்தான். எல்லோரும் அனுபவசாலிகள். 2008-ல் இது வெளியானபோது ஒயின் உலகம் சங்கடப்பட்டதில் ஆச்சரியமில்லை.

வரிசையிலும் சிக்கல் உண்டு. கடும் டீக்கு அடுத்து வரும் மென்மையான டீ, பாவம், தண்ணி மாதிரி தெரியும். அதற்கு லத்தீன் சதுரம்: ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை வருகிற மாதிரி நடுவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. சுடோகு ஆடியவர்களுக்கு டக்கென்று புரியும். லாலி ரோட்டில் வேளாண் பல்கலை மாணவர்கள் இதை வயலில் பாத்தி பிரித்தே படிக்கிறார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கம் எல்.எஸ்.டி. என்பதால் ஹாஸ்டலில் வரும் ஜோக்குகளை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கும் ஃபிஷர் வந்தார். மகலனோபிஸ் அழைப்பில் 1937-38 குளிர்காலத்தில் கொல்கத்தா வந்து, முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சி.ஆர். ராவ் கேம்பிரிட்ஜில் இவரிடம்தான் 1948-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

நியாயம் சொன்னவர் நியாயமாக இருந்தாரா?

இங்கேதான் கதை கசக்கிறது. கார்ல் பியர்சனோடு தொடங்கிய பகை, அவர் 1936-ல் இறந்த பிறகும் ஃபிஷரை விடவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பியர்சனின் துறையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவர் மகனுக்கும் இன்னொன்றை ஃபிஷருக்கும் கொடுத்தார்கள். மகனின் குழு 4 மணிக்கு இந்திய டீ குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, 4.30-க்கு ஃபிஷரின் குழு வந்து சீன டீ குடிக்கும். ஒரே அறை!

அதைவிட மோசம், யூஜெனிக்ஸ். மனிதர்களில் உயர்ந்த பரம்பரை, தாழ்ந்த பரம்பரை என்று பிரிக்கும் கொள்கையை மாணவராக இருந்தபோதே பிடித்துக்கொண்டார், கடைசி வரை விடவில்லை. 1950-களில் சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று ஆதாரங்கள் குவிந்தபோது, அதை எதிர்த்து எழுதினார். பரம்பரைக் குணமே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாமே என்றார். தர்க்கப்படி அந்தக் கேள்வி தப்பில்லை. ஆனால் அவர் பைப் புகைப்பவர், புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்குச் சம்பளம் வாங்கிய ஆலோசகர். லேபிளை மறைத்துவிட்டு ருசி பார்க்கச் சொன்ன மனுஷன், இந்த ஒரு கோப்பையை லேபிளைப் பார்த்தே குடித்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1952-ல் சர் பட்டம். 1962 ஜூலை 29-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இறந்தார். கேம்பிரிட்ஜில் அவர் படித்த கீஸ் கல்லூரி, சாப்பாட்டுக் கூடத்தில் அவர் நினைவாக லத்தீன் சதுரத்தை வண்ணக் கண்ணாடி ஜன்னலாக வைத்திருந்தது. யூஜெனிக்ஸ் காரணத்துக்காக 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். லத்தீன் சதுரம் மட்டும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது.

சரி, மியூரியல் ஜெயித்தாரா? ஃபிஷர் தன் புத்தகத்தில் முடிவை எழுதவே இல்லை. பேரும் போடவில்லை, ஒரு பெண் என்று மட்டும்தான் இருக்கும். 8 கப்பையும் சரியாகச் சொன்னார் என்பது அங்கே இருந்ததாகச் சொன்ன ஒருவர் மூலம் வந்த தகவல். மியூரியல் 1950-ல் இறந்துவிட்டார். கோவையில் ஏல மையம் தொடங்கிய அதே 1980-ல், ருசி பார்க்க டீ போடுவது எப்படி என்று ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரவிதி வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். பால் சேர்ப்பதாக இருந்தால், வேறு வழக்கம் இல்லாத பட்சத்தில், பால்தான் முதலில்.