ஆளுக்கு ஏற்ற ஆசனம்

பொறியியல் சம்பந்தமாக ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். சாகுபுரத்தில் பம்பும் வால்வும் குழாயுமாகத்தான் என் பொழுது போகிறது. அதையே இங்கும் எழுதினால் படிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்! அதனால் நாம் பராமரிக்காமல் போட்டுவைத்திருக்கும் ஓர் இயந்திரத்தை, அதாவது நம்ம உடம்பை, நூறு வயது வரை ஆராய்ந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

1888 நவம்பர் 18-ல் மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மைசூரிலும் காசியிலும் சமஸ்கிருதமும் தரிசனங்களும் படித்தார். பிறகு இமயமலைக்கு அப்பால் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழு வருஷத்துக்கு மேல் யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவு படித்தவருக்குப் பெரிய பதவிகள் கிடைத்திருக்கும். ஆனால் யோகம்தான் என்று நின்றார். அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பும் இல்லை, வருமானமும் இல்லை. ஹாசன் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்தினார்.

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்த பிறகுதான் விடிவு வந்தது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். 1934-ல் கன்னடத்தில் ‘யோக மகரந்தம்’ நூல் வந்தது. ஆசனங்களைத் தனித்தனியாகச் செய்யாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோவையாகப் போவதும், ஒவ்வோர் அசைவையும் உள்மூச்சோடோ வெளிமூச்சோடோ இணைப்பதும் அவர் முறை. விந்யாசம் என்பது இதுதான். முத்துக்குளித்த கரையில் இருக்கும் நமக்கு மூச்சின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தானே உருவாக்கியதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. எல்லாம் குரு தந்தது என்றே சொல்லிவந்தார். அரண்மனையில் இருந்த உடற்பயிற்சி மரபுகளும் இதில் கலந்திருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து.

அவரைவிட அவரது சீடர்கள் பிரபலம். பி.கே.எஸ். அய்யங்கார் அவருடைய மைத்துனர். கயிறும் கட்டையும் வைத்து உடல் நிலையைத் துல்லியமாக்கினார். பட்டாபி ஜோயிஸ் வேகமான வரிசைப் பயிற்சியை உலகுக்குக் கொடுத்தார். ரிகாவில் பிறந்த இந்திரா தேவி, பெண் என்பதால் முதலில் மறுக்கப்பட்டு, மகாராஜா சொன்னதால் 1937-ல் சேர்ந்தவர். பிற்பாடு ஹாலிவுட்டில் பயிற்சி நிலையமே திறந்துவிட்டார்! ஒரே ஆசிரியர், மூன்று பேருக்கும் மூன்று பாணி.

1940-ல் மகாராஜா காலமானார். பிறகு ஆதரவு குறைந்து, 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டியவர் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிற வயது. அவரோ தன் முறையையே மாற்றினார். மைசூரில் வளைந்து கொடுக்கும் சிறுவர்கள்; சென்னையில் வந்தவர்கள் நோயாளிகள், வயசானவர்கள். நாடி பார்த்து, வயது, வேலை, சாப்பாடு எல்லாம் விசாரித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி அமைத்தார். ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல் ஆளுக்காக ஆசனத்தை வளைத்தார். அவர் விட்டுப்போன சொத்து இதுதான் என்பேன்.

அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் நம்மைப் போல என்ஜினீயர், சிவில். 1960-களின் தொடக்கத்தில், தூக்கமின்மை தீர்ந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி நன்றி மிகுதியில் ஆசாரமான தன் தந்தையைக் கட்டிக்கொண்டதைப் பார்த்துத் திகைத்துப்போனார். விஷயம் தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தந்தையிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவியவர் அவர்தான்.

96-வது வயதில் பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாமென்று, படுத்தபடியே செய்யும் பயிற்சிகளைத் தனக்குத் தானே வகுத்துக்கொண்டார். (நமக்கு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்!) 1989 பிப்ரவரி 28-ல், நூறு வயது நிறைந்து மறைந்தார்.

இங்கே உப்பளத்தில் நாள் முழுக்கக் குனிந்து உப்பு வாருகிறவரையும், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவரையும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருப்பவரையும் பாருங்கள். மூவருக்கும் வலி முதுகில்தான். காரணம் வேறு வேறு. ஆனால் செல்போனில் வரும் ஒரே வீடியோவைப் பார்த்து மூவரும் ஒரே மாதிரி வளைகிறார்கள். எந்த லைனுக்கும் ஒரே பம்பை மாட்டுகிற என்ஜினீயரை நாம் சும்மா விடுவோமா?

தம்பி, தங்கைகளே, இப்போதே ஏதாவது ஒரு பயிற்சியைத் தொடங்குங்கள். தொப்பையோடு ஒன்றுகூடலுக்கு வந்திருக்கும் என் வயது நண்பர்களே, நீங்களும்தான். ஆனால் சொல்லித் தருகிறவர் முதலில் உங்களைப் பற்றி விசாரிக்கிறாரா என்று பாருங்கள். விசாரிக்காமலே தலைகீழாக நிற்கச் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.