மாலுமிகளின் ஆசான் ரிக்கோவர்

அணுவாற்றலால் ஓடும் முதல் நீர்மூழ்கிக் கப்பலைச் செய்வித்தவர் என்ற அளவில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஹைமன் ஜார்ஜ் ரிக்கோவரை உலகம் அறியும். அக்கப்பலின் பெருமையை எழுதினோர் பலர். அதனை இயக்குதற்குரிய மாந்தரை அவர் எங்ஙனம் ஆக்கினார் என்பதை எழுதினோர் அத்துணைப் பலரல்லர். என் சிற்றறிவிற்கு அவர் வாழ்க்கையிற் சுவை மிக்க பகுதி இதுவே. பட்டத்தை நோக்கிக் கல்லூரியில் அமர்ந்திருக்கும் நம்மனோரைத் தொடும் வினாவொன்றும் இதனுள் அடங்கியுள்ளது. கல்லூரி வாயிலை மிதியாத ஒருவன் எந்திரத்தின் முன் நின்று கற்ற அறிவைக் கல்லூரி தன் அளவுகோலால் அளந்து ஏற்றல் தகுமா என்பதே அவ்வினா.

அந்நாளில் ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்து நாட்டில், மாகோவ் என்னும் சிற்றூரில், யூதக் குடியொன்றிற் பிறந்தவர் ரிக்கோவர். கடற்படை ஏடுகளின்படி அவர் பிறந்தது 1900-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள். தந்தையார் ஆபிரகாம் தையற்காரர். யூதர்க்கு வாழ்வு அரிதாயிருந்த அந்நிலத்தை விட்டு அக்குடும்பம் இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கா சேர்ந்து, நியூயார்க்கிற் சில்லாண்டு தங்கிப் பின்னர்ச் சிகாகோவிற் குடியேறிற்று. ஒன்பதாம் வயதிலேயே ஒருவர் வேலை செய்யுங்கால் விளக்குப் பிடிக்கும் கூலியாளாய் மணிக்கு 3 சென்ட் ஈட்டினார் சிறுவர். உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தில் தந்தி கொண்டு கொடுக்கும் பையனாகவும் உழைத்தார். கல்லூரிக்குப் பணம் கட்டும் நிலை அவர் வீட்டில் இல்லை. கட்டணமின்றிப் பயிற்றுவது அன்னாபோலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரி. அதனுட் புகுதற்கு அந்நாட்டுச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். சிகாகோ உறுப்பினராயிருந்த அடால்ப் சபாத் அதனை நல்க, 1918-ஆம் ஆண்டில் ரிக்கோவர் அங்குச் சேர்ந்தார். 1922-ஆம் ஆண்டில் 540 பேருள் 107-ஆவது இடம் பெற்று வெளிவந்தார்.

அக்கல்லூரியில் நெட்டுருப் போடுதலே கல்வியாயிருந்தது. பின்னர்க் கடற்படை அவரை மின்பொறியியல் பயிலக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிற்று. 1929-ஆம் ஆண்டில் அங்கு மேற்பட்டம் பெற்றார். மனப்பாடம் செய்யாது சிந்திக்குமாறு தம்மைத் தூண்டிய முதல் இடம் கொலம்பியாவே என்று பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கின்றார். பிற்காலத்தில் அவர் மாலுமிகளிடம் எதனைத் தேடினார் என்பதை விளங்கிக்கொள்ள இஃதொன்றே போதும்.

எஸ்-48 என்னும், அடிக்கடி பழுதுறும் நீர்மூழ்கியில் அவர் கழித்த ஆண்டுகளையும், 1937-ஆம் ஆண்டிற் சீனக் கரையில் பிஞ்ச் என்னும் சிறு கப்பலுக்குச் சில திங்கள் தலைவராயிருந்ததையும், இரண்டாம் உலகப் போரிற் கப்பல்களின் மின்கருவிப் பிரிவை நடத்தியதையும் விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. நாம் கருதவேண்டிய காலம் 1946-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது.

அவ்வாண்டிற் கடற்படை அவரையும் வேறு சில அதிகாரிகளையும் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் என்னும் இடத்திற்கு அனுப்பி, அணுவாற்றலைப் பற்றி அறிந்துவரப் பணித்தது. அப்பொழுது ரிக்கோவர் நாற்பத்தாறு வயதினர். இளைஞரான பௌதிக அறிஞர்களின் முன் பள்ளிப் பிள்ளைபோல் அமர்ந்து, விளங்காத இடத்தை விளங்கவில்லையென்று வெளிப்படையாகச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றார். தம்முடன் வந்தோரும் கற்றவற்றை அறிக்கைகளாக எழுதித் தரவேண்டுமென்று வற்புறுத்தினார். 1949-ஆம் ஆண்டில் கடற்படை அணுவுலைப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. உலை செய்தற்குரிய பொறியாளரை உலகில் எங்குத் தேடுவது? அக்கலையைக் கற்பிக்கும் கல்லூரியே அந்நாளில் இல்லை. ஆதலின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பாடத்திட்டம் ஏற்படவும், ஓக் ரிட்ஜில் அணுவுலைப் பள்ளியொன்று 1950-ஆம் ஆண்டில் தொடங்கவும் துணைநின்றார். இரும்பை வார்க்கும் முன்னரே பள்ளியைத் திறந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

பின்னர் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்தில், கடலுக்கு நெடுந்தொலைவில், நீர்மூழ்கியின் உடலிற் பின்பகுதியை அப்படியே கட்டி அதனுள் ஓர் உலையை அமைப்பித்தார். 1953-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் அவ்வுலையில் அணுப்பிளவு தொடர்ந்து நிகழலாயிற்று. அவ்வாண்டு ஜூன் திங்களில் அதனை முழுவிசையுடன் ஓட்டினர். இருபத்துநான்கு மணி நேரத்தோடு நிறுத்துவதென்பது பொறியாளர் கருத்து. ரிக்கோவர் நிறுத்தவொட்டாது, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடத்தற்கு வேண்டும் நேரமெல்லாம் ஓட்டுமாறு பணித்து, சுவரிற் கடற்படத்தை மாட்டிக் கப்பலின் வழியைக் குறிக்கச் செய்தார். பாலையில் நின்றபடியே கடல் கடந்த அக்கலம், சோதனைப் பொறியாய் இருந்ததோடு பள்ளிக்கூடமும் ஆயிற்று. நாட்டிலஸ் என்னும் கப்பலுக்குரிய மாலுமிகள் அதனுள்ளேயே பயின்றனர். நாட்டிலஸ் 1955-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அணுவாற்றலால் இயங்கிப் புறப்பட்டது. 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் பனிக்கட்டியின் அடியே சென்று வடதுருவத்தை அடைந்தது.

நிற்க. மாலுமிகளை அவர் எவ்வாறு பயிற்றினார் என்பதைச் சிறிது விரித்துக் கூறுவேன். அணுக்கலத்திற்கு வரும் அதிகாரி ஒவ்வொருவரையும் அவரே நேரிற் கண்டு வினவுவார். வந்தவர் அமரும் நாற்காலியின் முன்கால்களைச் சிறிது அறுத்துவைத்திருந்தார்; அமர்ந்தவர் வழுக்கி வழுக்கி முன்னே சரிவர். விடை பிடிக்காவிடின் துடைப்பம் வைக்கும் சிற்றறையில் நெடுநேரம் நிறுத்திவைப்பதும் உண்டு. இவ்வழக்கங்களை நான் போற்றமாட்டேன். ஆசிரியர் ஒருவர் இங்ஙனம் செய்வாராயின் அவ்வகுப்பில் அமர விரும்பேன். எனினும் அவர் வினவிய வினாக்களிற் பொருள் இருந்தது. பிற்காலத்தில் நாட்டுத் தலைவரான ஜிம்மி கார்ட்டர், 1952-ஆம் ஆண்டில் இளம் அதிகாரியாய் அவர்முன் அமர்ந்து தம் வகுப்பில் தாம் பெற்ற உயர்ந்த இடத்தைச் சொன்னபொழுது, ரிக்கோவர் அதனைப் பாராட்டவில்லை. இயன்றதனைத்தும் முயன்றதுண்டா என்று கேட்டார். எப்பொழுதும் இல்லை என்று கார்ட்டர் ஒப்புக்கொள்ள, ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கார்ட்டர் தம் தன்வரலாற்று நூலுக்கு அவ்வினாவையொட்டியே பெயர் சூட்டினார்.

அதிகாரிகள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்; உலையின் அன்றாடப் பணியைச் செய்யும் மாலுமிகளோ உயர்நிலைப் பள்ளியோடு நின்ற பதினெட்டு, இருபது வயதினர். இவர்களுக்கென 1956-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரில் அணுவாற்றற் பள்ளி தொடங்கிற்று. ஏறத்தாழ ஆறு திங்கள் கணிதமும், பௌதிகமும், வேதியியலும், வெப்பம் கடந்து செல்லும் முறையும், உலையின் இயல்பும், கதிர்வீச்சினின்று காத்துக்கொள்ளும் வழியும் கற்கவேண்டும். பகலெல்லாம் வகுப்பு; மாலையில் அவ்விடத்திலேயே படிப்பு; பாடக் குறிப்புகளை வெளியே எடுத்துச் செல்லல் ஆகாது. தேர்வில் விடைகளை எழுதி விளக்கவேண்டும். நான்கினுள் ஒன்றைத் தெரிந்து குறியிடும் வழக்கம் அங்கில்லை. அதன்பின் இன்னும் ஆறு திங்கள் ஐடஹோவிலோ, நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் மில்டனிலோ, மெய்யான உலையின் முன் நின்று பயிலவேண்டியிருந்தது. உலைபோல் நடிக்கும் பொறிகளை வைத்துக் கற்பித்தலை ரிக்கோவர் விரும்பவில்லை. தவறு செய்தால் தீங்கு உண்டாகும் இடத்திற் கற்றாலன்றி எச்சரிக்கை பிறவாது என்பது அவர் கொள்கை. ஈற்றில் மூத்தோர் சிலர் சூழ அமர்ந்து வாய்மொழியாக வினவுவர். இக்குழாயிலுள்ள வால்வு திறந்தே நின்றுவிடின் யாது நிகழும், ஏன் நிகழும், நீ யாது செய்வாய் என்னும் வகையில் அத்தேர்வு அமையும்.

இங்ஙனம் பயின்றவன் கல்லூரி மாணவனா? சட்டப்படி அல்லன். ரிக்கோவரும் தம் பள்ளியைக் கல்லூரியென்று சொல்லிக்கொண்டாரில்லை. 1957-ஆம் ஆண்டில் ருஷ்யர் செயற்கைத் துணைக்கோளை வானிற் செலுத்தியபின், அமெரிக்கக் கல்வியின் தாழ்வை எடுத்துக்காட்டி அவர் கடுமையாகப் பேசலானார். 1959-ஆம் ஆண்டில் கல்வியையும் சுதந்திரத்தையும் பற்றி ஒரு நூலும், 1962-ஆம் ஆண்டிற் சுவிட்சர்லாந்துப் பள்ளிகளைத் தம் நாட்டுப் பள்ளிகளோடு ஒப்பிட்டு மற்றொரு நூலும் வெளியிட்டார். பயனற்றவற்றைப் பாடமாக்கி அவற்றிற்கு மதிப்பெண் வழங்குவதை எள்ளினார். மொழியும், வரலாறும், கணிதமும், அறிவியலும் ஆழப் பயிற்றவேண்டுமென்றார். தொழிலுக்கு ஆயத்தம் செய்வது வேறு, மனிதனைச் சிந்திக்கச் செய்வது வேறு என்று உணர்ந்தவரே, உலகிற் கடுமையான தொழிற்பள்ளிகளுள் ஒன்றை நடத்தினார் என்பது வியப்பே. அவ்விரண்டும் தம் பள்ளியில் ஒன்றுபடவேண்டுமென்று அவர் முயன்றார் என்று கருதுகிறேன். முற்றும் ஒன்றுபட்டனவா என்பது ஐயம்.

அவ்வையத்திற்கு இடந்தந்த நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். பென்சில்வேனியா மாநிலத்து ஷிப்பிங்போர்ட்டில், மக்களுக்கு மின்சாரம் வழங்கும் முழு அளவு அணுமின் நிலையத்தையும் ரிக்கோவரே அமைப்பித்தார். அது 1957-ஆம் ஆண்டு டிசம்பரில் இயங்கலாயிற்று. பின்னர்த் தனியார் நிறுவனங்கள் பல நிலையங்களை நிறுவியபொழுது, கட்டுப்பாட்டு அறையில் அமரத் தகுந்தவர் யாவர் என்று தேடின. கடற்படையினின்று விடுபட்ட மாலுமிகளே மிகுதியாகக் கிடைத்தனர். அதே மாநிலத்துத் திரீ மைல் ஐலந்து நிலையத்தில் 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பணியிலிருந்த இயக்குநர்களும் அத்தகையோரே. நீர் ஊட்டும் பம்புகள் நின்றன. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வொன்று மீண்டும் மூடாது நின்றது. அதன்வழி உலைநீர் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் அழுத்தம் காக்கும் கலத்தில் நீர்மட்டம் உயர்ந்து நிற்பதாகக் கருவி காட்டிற்று. அக்கலம் நீரால் முற்றும் நிறைந்துவிடுதல் ஒருகாலும் ஆகாது என்று அவர்கள் கடற்படையிலேயே கற்றவர்கள். சிறிய கப்பலுலைக்கு அது நல்ல விதி. அவ்விதியைப் போற்றி, தானே பாய்ந்துகொண்டிருந்த அவசரநீரை அவர்களே குறைத்துவிட்டனர். உலையின் எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

கற்றதை மறந்தமையால் அன்று கேடு விளைந்ததில்லை; கற்றதைக் கற்றபடியே செய்தமையால் விளைந்தது. நாட்டுத் தலைவர் கார்ட்டர் அமைத்த விசாரணைக் குழுவிற்குத் தலைவராயிருந்தவர் டார்ட்மத் கல்லூரித் தலைவரும் கணித அறிஞருமான ஜான் கெமனி. இயக்குநர் பயிற்சியின் குறையை அக்குழு 1979-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் வற்புறுத்திற்று. ரிக்கோவரும் அவ்வாண்டிற் சட்டசபைக் குழுமுன் தோன்றித் தம் திட்டத்திற் பயிற்சியும் பொறுப்பும் எவ்வாறு அமைந்துள்ளன என்று விரிவாக எடுத்துரைத்தார். மின் நிறுவனங்கள் தம்முட் கூடி அட்லாண்டாவில் ஒரு மேற்பார்வைக் கழகம் நிறுவின. அதன் முதல் தலைவர், நாட்டிலஸ் கப்பலின் முதல் தலைவராயிருந்த யூஜீன் வில்கின்ஸன்.

ரிக்கோவரின் இறுதிக் காலம் கசப்பானது. 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் அவருக்கு உயர்பதவி மறுத்த கடற்படை, சட்டசபையின் தலையீட்டால் 1953-ஆம் ஆண்டில் வேண்டாவெறுப்பாக அதனை அளித்திருந்தது. 1982-ஆம் ஆண்டு ஜனவரியில், அறுபத்துமூன்று ஆண்டுப் பணிக்குப்பின், அவரை ஓய்வு பெறச்செய்தது. கப்பல் கட்டும் நிறுவனமான ஜெனரல் டைனமிக்ஸிடம் ஆண்டுகள் பலவாக 60,000 டாலருக்கு மேற்பட்ட பரிசுப் பொருள்களைப் பெற்றார் என்பது வெளிப்பட, 1985-ஆம் ஆண்டிற் கடற்படை அமைச்சர் அவரைக் கண்டித்து எழுதினார். பிறர் பிழையைச் சிறிதும் பொறாதவர்க்கு இஃது அழகன்று. அவ்விடைக்காலத்தில், 1983-ஆம் ஆண்டில், அறிவியலில் ஆர்வமிக்க பள்ளி மாணவர்க்கென ஒரு கல்வி நிலையத்தை அவர் தொடங்கினார். அது இன்றும் நடைபெறுகின்றது. 1986-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் உயிர் நீத்தார். ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பெற்றார்.

முன்னர் எழுப்பிய வினா அவர் மறைந்தபின்னரே முற்றிற்று. நிலையங்களின் மூத்த இயக்குநர் யாவரும் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என்று விதிக்கலாமா என்று அமெரிக்க அணுவாற்றல் ஒழுங்குமுறை ஆணையம் 1988-ஆம் ஆண்டில் ஆராய்ந்தது. அங்ஙனம் விதிப்பின் அனுபவமிக்கோர் உயரும் வழி அடைபடும், அவர்கள் விலகிப்போவர் என்று எதிர்ப்பு எழுந்தது. எனவே 1989-ஆம் ஆண்டில் ஆணையம் விதியைக் கைவிட்டுக் கொள்கை அறிக்கையொன்றை வெளியிட்டது. இயக்குநர்கள் பெற்ற பயிற்சிக்கும் அனுபவத்திற்கும் கல்லூரிகளிடம் கிரெடிட் பெற்றுத்தர நிறுவனங்கள் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அதிற் கூறிய பரிந்துரைகளுள் ஒன்று. பாடமொன்றைக் கற்றுத் தேறியமைக்குக் கல்லூரி வழங்கும் அளவையே கிரெடிட் என்பது. அவ்வளவை போதிய அளவு சேர்ந்தாற் பட்டம் கிடைக்கும். அமெரிக்கன் கௌன்ஸில் ஆன் எஜுகேஷன் என்னும் அமைப்பு, படையினர் பெறும் பயிற்சிகளைப் பேராசிரியர்களைக் கொண்டு ஆராய்ந்து, இன்ன பயிற்சிக்கு இத்துணைக் கிரெடிட் தகும் என்று நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகின்றது. நியூ ஜெர்சி மாநிலத்து டிரென்டன் நகரிலுள்ள, 1972-ஆம் ஆண்டில் நிறுவிய கல்லூரியொன்று, அணுவாற்றற் பள்ளியிற் பயின்ற மாலுமிகளுக்கும் நிலைய இயக்குநர்களுக்கும் அவர்தம் பயிற்சியைக் கணக்கிற்கொண்டு பட்டம் வழங்குகின்றது. பள்ளிக்கூடத்தில் நீடிக்காத தாமஸ் எடிசனின் பெயரை அது தாங்கியிருப்பது பொருத்தமே.

உலையின் இயல்பிற்கும், வெப்பவியலுக்கும், கதிர்வீச்சுக் காப்பிற்கும் மாலுமிக்குக் கிரெடிட் கிடைக்கும். மொழிநடைக்கும், வரலாறு முதலிய கலைப்பாடங்களுக்கும் கிடையாது. அவற்றை அவன் தனியே பயின்று முடிக்கவேண்டும். தமிழ் பயிலும் எனக்கு இப்பாகுபாட்டிற் சிறிது மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்? சுவிட்சர்லாந்துப் பள்ளிகளை ஆராய்ந்த கிழவரும் இதனை மறுத்திரார். ஐடஹோப் பாலையில் அவர் கட்டுவித்த அவ்வுலையோ, முப்பத்தாறு ஆண்டு மாலுமிகளைப் பயிற்றி, கொள்கை அறிக்கை வெளிவந்த அதே 1989-ஆம் ஆண்டின் அக்டோபர்த் திங்களில் நிறுத்தப்பட்டது.