ஊருக்கே வழி காட்டிய சிவப்பு வளையம்

லண்டன் நகரில் பூமிக்கு அடியில் ரெயில் ஓடுகிறது. அந்த ரெயில் நிலையங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. சிவப்பு வளையம், அதன் குறுக்கே நீலப் பட்டை, பட்டையில் வெள்ளை எழுத்து.

இந்த அடையாளத்தை நகரம் முழுவதும் நிலைநாட்டியவர், பிராங்க் பிக். அவர் ஓவியர் அல்ல. சட்டம் படித்தவர்!

துணிக்கடைக்காரர் மகன்

பிக் 1878-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்பால்டிங் என்ற ஊரில் பிறந்தார். தந்தை துணிக்கடை வைத்து இருந்தார். பிக் 1902-ம் ஆண்டு ரெயில்வே கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1906-ல் லண்டன் சுரங்க ரெயில் கம்பெனிக்கு வந்தார். அப்போது அந்தக் கம்பெனிக்குப் பணமுடை. எதிர்பார்த்த அளவு பயணிகள் வரவில்லை.

1908-ல் விளம்பரப் பொறுப்பு பிக்கிடம் வந்தது.

பெயர் எங்கே?

நிலையச் சுவர்களில் எங்கு பார்த்தாலும் விளம்பரங்கள். அவற்றின் நடுவே நிலையத்தின் பெயரும் ஒரு பலகையில் இருக்கும். ரெயிலில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் எது ஊர்ப் பெயர், எது விளம்பரம் என்று தெரியாது!

அந்த ஆண்டில் பெயர்ப் பலகைக்குப் பின்னால் பெரிய சிவப்பு வட்டம் வைக்கப்பட்டது. பெயர் பளிச்சென்று தெரிந்தது. விளம்பரங்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார், பிக்.

ஒரே எழுத்து

ஆனால் பலகைக்குப் பலகை எழுத்து வேறாக இருந்தது. பிக் 1913-ல் எட்வர்டு ஜான்ஸ்டன் என்ற எழுத்துக் கலைஞரைச் சந்தித்தார். எளிமையான, தெளிவான எழுத்து வேண்டும் என்று கேட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியவேண்டும் அல்லவா?

1916-ல் அந்த எழுத்து வந்தது. பின்னர் சிவப்பு வட்டத்தையும் ஜான்ஸ்டன் வளையமாக மாற்றி அமைத்தார்.

பிக் அத்தோடு நிற்கவில்லை. புதிய நிலையங்களைக் கட்ட சார்லஸ் ஹோல்டன் என்ற கட்டிடக் கலைஞரை அமர்த்தினார். இருக்கைத் துணிக்குக்கூட நல்ல ஓவியர்களைத் தேடினார். ஹாரி பெக் வரைந்த எளிய ரெயில் வரைபடம் 1933-ல் பயணிகள் கைக்கு வந்தது.

அதே ஆண்டில் லண்டன் பஸ், டிராம், சுரங்க ரெயில் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. அதை நடத்தும் பொறுப்பு பிக்குக்குக் கிடைத்தது. வளையமும் எழுத்தும் அவற்றுக்கும் பரவின. எங்கே பார்த்தாலும் ஒரே முகம்! வெளியூர்க்காரர் கூட யாரையும் கேட்காமல் நிலையத்தைக் கண்டுபிடித்தார்.

பட்டம் வேண்டாம்

பிக்குக்கு "சர்" பட்டம் கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்றார். பிரபு பட்டத்தையும் மறுத்துவிட்டார்.

1940-ம் ஆண்டு பதவியில் இருந்து விலகினார். 1941-ம் ஆண்டு நவம்பரில் காலமானார். வயது 62.

தமக்கு ஓர் அடைமொழி வேண்டாம் என்று சொன்னவர், பிக். ஆனால் ஒரு நகரத்துக்கே அவர் அடையாளம் கொடுத்தார். அந்தச் சிவப்பு வளையம் இன்றும் லண்டனில் வழி காட்டிக்கொண்டு இருக்கிறது.